வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன்: பி.எஃப்., பென்ஷன், சி.ஓ.சி. வழிகாட்டி

விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று, வீட்டு வாடகை எவ்வளவு, அரிசி எங்கே கிடைக்கும் என்றெல்லாம் விசாரித்தாயிற்று. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப் போகும் பணத்தைப் பற்றி மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. ஜெர்மனியில் 4,500 யூரோ சம்பளம் என்றால், பென்ஷனுக்கும் வேலையின்மைக் காப்பீட்டுக்கும் மட்டுமே உங்கள் பங்கில் 477 யூரோ போய்விடும். அந்தப் பணம் போக வேண்டுமா, போனால் திரும்பி வருமா என்பதை முடிவு செய்கிற வேலையில் பாதி சென்னையிலோ கோவையிலோ இருக்கும்போதே முடிக்க வேண்டியது. விமானம் ஏறிய பிறகு அதைச் செய்வது பெரும்பாடு.

இந்தக் கட்டுரை முதன்முறையாக வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. ஜெர்மனியை விரிவாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதன் கணக்கு புரிந்தால் மற்ற நாடுகளின் விதிகளைப் படிப்பது எளிது. ஜப்பான், அமெரிக்கா, வளைகுடா பற்றிக் கடைசியில் சுருக்கமாக இருக்கிறது.

முதல் கேள்வி: சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

எந்த நாடு என்பதற்கும் முன்னால் கேட்க வேண்டியது இது. நம் ஊரில் ‘ஆன்சைட்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, இந்திய கம்பெனியின் ஊழியராகவே இருந்துகொண்டு, சில வருடங்களுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பப்படுவது. பி.எஃப். இங்கேயே தொடர்ந்து கட்டப்படும். இது டெபுடேஷன்.

இரண்டு, இங்கே ராஜினாமா செய்துவிட்டு, அந்த நாட்டுக் கம்பெனியில் புதிய ஒப்பந்தத்தில் சேர்வது. கம்பெனியின் பெயர் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் சம்பளம் தருவது அந்த நாட்டில் பதிவான நிறுவனம். இது லோக்கல் பேரோல்.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் எச்.ஆரிடம் நேராகக் கேளுங்கள்: “என் இந்திய பி.எஃப். தொடருமா, நிற்குமா?” ‘தொடரும்’ என்றால் நீங்கள் முதல் வகை. ‘நிற்கும்’ என்றால் இரண்டாம் வகை. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி: அந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறதா?

ஒரே மாதச் சம்பளத்துக்கு இரண்டு நாட்டிலும் பணம் கட்டும் கொடுமையைத் தவிர்க்க, நாடுகள் தங்களுக்குள் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. இந்தியாவுக்கு நடைமுறைக்கு வந்த முதல் ஒப்பந்தம் பெல்ஜியத்தோடு, 2009-இல். பிறகு சுவிட்சர்லாந்து, டென்மார்க், லக்ஸம்பர்க், பிரான்ஸ், தென்கொரியா, நெதர்லாந்து என்று வரிசையாக வந்தன. ஹங்கேரி, பின்லாந்து, ஸ்வீடன், செக் குடியரசு, நார்வே, ஆஸ்திரியா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், போர்ச்சுகல் ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஜெர்மனியோடு இப்போது செல்லுபடியாகும் முழுமையான ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பட்டியலில் இல்லாத பெரிய பெயர் அமெரிக்கா. வளைகுடா நாடுகளும் இதில் இல்லை.

இந்த ஒப்பந்தங்கள் பொதுவாக மூன்று வேலைகளைச் செய்கின்றன. டெபுடேஷனில் போகிறவருக்கு அங்கே கட்டுவதிலிருந்து விலக்கு தருகின்றன. இரண்டு நாட்டிலும் வேலை பார்த்த மாதங்களைக் கூட்டிப் பென்ஷன் தகுதியைக் கணக்கிட விடுகின்றன. அங்கே சம்பாதித்த பென்ஷனை இங்கே உட்கார்ந்து வாங்க வழி செய்கின்றன. முதல் வேலையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஏன் என்பதை ஜெர்மனிக் கணக்கில் காட்டுகிறேன்.

டெபுடேஷனில் போகிறவர்: சி.ஓ.சி. வாங்குவது எப்படி

சி.ஓ.சி. என்பது ‘இவர் இந்தியாவில் பி.எஃப். கட்டிக்கொண்டிருக்கிறார், உங்கள் நாட்டில் இவரிடம் பிடிக்க வேண்டாம்’ என்று வருங்கால வைப்பு நிதி நிறுவனம், அதாவது இ.பி.எஃப்.ஓ., கொடுக்கும் சான்றிதழ். அதன் இணையதளத்தில் சர்வதேசத் தொழிலாளர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, விண்ணப்பம் அங்கேதான். யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்), பாஸ்போர்ட் எண், வெளிநாட்டில் வேலை பார்க்கப் போகும் நிறுவனத்தின் பெயர், முகவரி, போகும் தேதி, திரும்பும் தேதி எல்லாம் கேட்கும். கம்பெனியின் ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பம் நகராது. ஆகவே இது நீங்களும் எச்.ஆரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: இனிஷியல். யூ.ஏ.என். கணக்கில் ‘எஸ். கார்த்திக்’, ஆதாரில் ‘கார்த்திக் எஸ்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ‘கார்த்திக் சுப்பிரமணியன்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். பிராங்க்பர்ட்டில் உட்கார்ந்திருக்கும் சம்பளப் பிரிவுக்கு மூன்று பேர். சி.ஓ.சி. பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், பயணத்துக்குச் சில மாதம் முன்பே யூ.ஏ.என். கணக்கைத் திறந்து பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் கம்பெனி வழியாக விண்ணப்பித்து, அது முடிந்த பிறகு சி.ஓ.சி.க்குப் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டுமே சிக்கும்.

இன்னொன்று. பி.எஃப். உறுப்பினராக இல்லாதவருக்கு சி.ஓ.சி. கிடையாது. கைக்கு வரும் சம்பளம் கூடட்டும் என்று, வேலையில் சேரும்போதே பி.எஃப். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் ஜெர்மனிக்கு டெபுடேஷனில் போனாலும் அங்கே முழுவதுமாகக் கட்டத்தான் வேண்டும்.

விலக்குக்குக் கால வரம்பு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனிக்கு 48 மாதம். இரு தரப்பு அலுவலகங்களும் சம்மதித்தால் இன்னும் 12 மாதம் நீட்டலாம். பெல்ஜியம், ஜப்பான், தென்கொரியாவுக்கு 60 மாதம். சுவிட்சர்லாந்துக்கு 72. ஸ்வீடனுக்கு 24 மட்டுமே. சான்றிதழில் போட்டிருக்கும் முடிவுத் தேதியை உங்கள் போன் காலண்டரில் குறித்து வையுங்கள். அதை எச்.ஆர். நினைவு வைத்திருப்பார் என்று நம்ப வேண்டாம். நடுவழியில் கம்பெனி உங்களை லோக்கல் பேரோலுக்கு மாற்றினால், சான்றிதழில் எந்தத் தேதி இருந்தாலும் விலக்கு அன்றோடு சரி.

சி.ஓ.சி. எதற்கு உதவாது

ஜெர்மனியைப் பொறுத்தவரை இந்தச் சான்றிதழ் பென்ஷனையும் வேலையின்மைக் காப்பீட்டையும் மட்டும் நிறுத்தும். மருத்துவக் காப்பீட்டை ஒப்பந்தம் தொடாது. உங்களுக்கும் குடும்பத்துக்கும் எந்த பாலிசி, அது பிரசவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் செல்லுமா என்று கம்பெனியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது, அங்கேயே தங்கிவிடலாமா என்ற யோசனை இருப்பவர்களுக்கு. ஜெர்மனியில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கும்போது, எத்தனை மாதம் பென்ஷன் நிதிக்குக் கட்டினீர்கள் என்று பார்ப்பார்கள். பொது விதிப்படி 60 மாதம், திறன்மிகு தொழிலாளருக்கு 36, ப்ளூ கார்டு (பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி) வைத்திருப்பவருக்கு 27, அவருக்கே பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால் 21. சி.ஓ.சி.யில் ஓடிய மாதங்களில் நீங்கள் அந்த நிதிக்கு ஒரு சென்ட்கூடக் கட்டியிருக்க மாட்டீர்கள். மாதம் 477 யூரோ மிச்சம் என்று சந்தோஷப்பட்டு நான்கு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால், அந்த வரிசையில் நீங்கள் இன்னும் நிற்கவே ஆரம்பிக்கவில்லை என்று தெரியும். திரும்பி வருவது உறுதி என்றால் சி.ஓ.சி. நல்லது. தங்கும் எண்ணம் இருந்தால் லோக்கல் ஒப்பந்தம் கேட்டுப் பாருங்கள். கையில் வரும் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்பேன்.

லோக்கல் பேரோலில் சேர்கிறவர்: கிளம்பும் முன்

இந்திய வேலையை விடும்போது பி.எஃப். பணத்தை எடுக்கலாம், வெளிநாட்டு வேலைக்காக நாட்டை விட்டுப் போவதை முழுத்தொகை எடுப்பதற்கான காரணமாக விதிகளே ஏற்கின்றன. ஆனால் பி.எஃப். வேறு, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பென்ஷன் திட்டமான இ.பி.எஸ். வேறு. பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று பத்தி தெரியும்: உங்கள் பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் பங்கு. மூன்றாவதில் மாதம் 1,250 ரூபாய் ஏறிக்கொண்டிருந்தால் நீங்கள் இ.பி.எஸ்.ஸில் இருக்கிறீர்கள். பூஜ்யமாகவே இருந்தால் இல்லை. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முதலாகச் சேர்ந்து, அப்போதே பி.எஃப். சம்பளம் 15,000-ஐத் தாண்டியிருந்தவர்களுக்கு இ.பி.எஸ். கிடையாது. ஐ.டி.க்காரர்களில் பலர் இந்த வகை.

இ.பி.எஸ்.ஸில் பத்து வருடம் முடியாமல் கிளம்புகிறவர்கள் வழக்கமாகச் செய்வது, படிவம் 10சி நிரப்பி அந்தச் சின்னத் தொகையையும் எடுத்துவிடுவது. ஒப்பந்தம் உள்ள நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அதைச் செய்யாதீர்கள். அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். உங்கள் வருடங்கள் அதில் பத்திரமாக இருக்கும். அந்த வருடங்களுக்கு என்ன மதிப்பு என்பது பின்னால் வருகிறது.

அங்கே போனதும் முதல் மூன்று மாதம்

ஜெர்மனியில் வேலையில் சேர்ந்ததும் ஒரு சமூகக் காப்பீட்டு எண் வரும். எண்களுக்கு நடுவில் ஓர் எழுத்து இருக்கும். அது ஆயுளுக்கும் ஒரே எண். கம்பெனி மாறினாலும், ஊருக்குத் திரும்பிப் பத்து வருடம் கழித்து மறுபடி போனாலும் அதேதான். அந்தக் கடிதத்தை பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

முதல் பே ஸ்லிப் வந்ததும் நான்கு இரட்டை எழுத்துகளைத் தேடுங்கள். ஆர்.வி. என்பது பென்ஷன்: மொத்தம் 18.6 சதவீதம், அதில் உங்கள் பாதி 9.3. 4,500 யூரோ சம்பளத்துக்கு 418.50 என்று போட்டிருக்க வேண்டும். ஏ.வி. என்பது வேலையின்மைக் காப்பீடு: உங்கள் பங்கு 1.3 சதவீதம், 58.50 யூரோ. கே.வி. மருத்துவம், பி.வி. முதுமைப் பராமரிப்பு. பி.வி.யில் குழந்தை இல்லாத 23 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 0.6 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். ஊரில் பிறந்த குழந்தையும் குழந்தைதான். பிறப்புச் சான்றிதழைச் சம்பளப் பிரிவிடம் கொடுத்தால் அந்தக் கூடுதல் நிற்கும். கொடுக்காததால் வருடக்கணக்கில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வருடம் முடிந்ததும் கம்பெனி ஒரு பக்கச் சான்று தரும். அதன் பெயர் மெல்டெபெஷைனிகுங். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எவ்வளவு சம்பளத்துக்குக் கட்டப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். முப்பது வருடம் கழித்து ஏதாவது தகராறு வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் இதுதான். ஸ்கேன் செய்து ஊரில் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

வேலை போய்விட்டால்? கடைசி 30 மாதத்தில் 12 மாதமாவது கட்டியிருந்தால் வேலையின்மைப் படி உண்டு. கைக்கு வந்த நிகரச் சம்பளத்தில் சுமார் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67. ஆனால் நோட்டீஸ் வந்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். வேலை முடிய மூன்று மாதத்துக்கும் குறைவாக இருந்தால் தகவல் தெரிந்த மூன்று நாளுக்குள். தாமதித்தால் படியில் வெட்டு விழும். விசா கதை தனி. அதை வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

திரும்பி வரும்போது: பணமா, பென்ஷனா?

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ஜெர்மனியை விட்டு ஊருக்கு வந்து 24 மாதம் கழித்து, கட்டிய பென்ஷன் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். படிவம் வி 0901. ஐந்து வருடத்துக்குக் குறைவாக, அதாவது 60 மாதம் நிரம்பாமல், கட்டியவருக்குத்தான் இது. 60 தாண்டிவிட்டால் பணம் திரும்பாது. வயது வந்ததும் பென்ஷன்தான். திருப்பித் தருவதும் உங்கள் பங்கை மட்டும். கம்பெனி கட்டிய மறுபாதி அங்கேயே நின்றுவிடும், வட்டியும் கிடையாது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் இந்தியாவில் ஆறு வருடம் இ.பி.எஸ்.ஸில் இருந்தார், பிறகு ஜெர்மனியில் லோக்கல் பேரோலில் நான்கு வருடம், ஆண்டுக்கு 50,000 யூரோ சம்பளம். அவர் பங்காக வருடத்துக்கு 4,650 யூரோ, நான்கு வருடத்துக்கு 18,600 யூரோ. திருப்பிக் கேட்டால் இவ்வளவு வரும். வீட்டுக்கடன் இருக்கிறவருக்குப் பெரிய தொகைதான்.

விட்டு வைத்தால்? ஜெர்மனியில் பென்ஷனைப் புள்ளிகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்த நாட்டின் சராசரிச் சம்பளத்தை ஒரு வருடம் முழுக்க வாங்கினால் ஒரு புள்ளி. 2025-இல் சராசரி 50,000 யூரோவைச் சற்றுத் தாண்டியிருந்தது. எனவே நம் ஆளுக்கு ஏறக்குறைய நான்கு புள்ளி. 2025 ஜூலையில் ஒரு புள்ளியின் மதிப்பு மாதம் 40.79 யூரோ ஆனது. நான்குக்கு 163 யூரோ. பென்ஷன் வாங்க அந்த நாட்டு விதிப்படி குறைந்தது 60 மாதம் வேண்டும். இவரிடம் 48-தான் இருக்கிறது. ஆனால் இந்தியாவின் 72 மாதத்தைக் கூட்டினால் 120. தகுதி வந்துவிட்டது. 67 வயதிலிருந்து ஆயுள் முழுக்க மாதம் 163 யூரோ, 2025 ஜூலை மதிப்பில். வருடத்துக்கு 1,958 யூரோ. ஒன்பதரை வருடத்தில் 18,600-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் வாழும் ஒவ்வொரு வருடமும் லாபம். புள்ளியின் மதிப்பும் அங்கே சம்பளங்கள் ஏறுவதை ஒட்டி ஏறி வருகிறது.

இந்தப் பக்கமும் பாருங்கள். இ.பி.எஸ். பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும், இவரிடம் ஆறு. ஜெர்மனியின் நான்கைக் கூட்டினால் சரியாகப் பத்து. 58 வயதில் இங்கேயும் பென்ஷன் உண்டு: 15,000 ரூபாயை ஆறால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 1,285 ரூபாய். பெரிய தொகை அல்ல, ஆனால் அவருக்குப் பின் மனைவிக்கோ கணவருக்கோ குடும்ப பென்ஷனும் அதோடு வரும்.

18,600 யூரோவை எடுத்த அன்று ஜெர்மனியின் 48 மாதமும் கணக்கிலிருந்து அழிந்துவிடும். அங்கேயும் தகுதி போயிற்று, இங்கேயும் பத்து ஆறாகிவிட்டது. ஒரு வருடம் மட்டும் அங்கே இருந்துவிட்டு வந்த 25 வயதுக்காரர் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாற்பதைத் தாண்டி, நான்கு வருடம் கட்டியவர் எடுப்பதைத்தான் வேண்டாம் என்பேன். கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் அது வேறு.

பென்ஷன் கேட்கும் காலம் வரும்போது ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் ஊர் இ.பி.எஃப்.ஓ. அலுவலகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

ஜப்பான்

ஜப்பானில் ஊழியர் பென்ஷன் 18.3 சதவீதம், பாதி உங்களுடையது. பென்ஷன் தகுதிக்குப் பத்து வருடம். அங்கேயும் இந்திய மாதங்களைக் கூட்டலாம். ஆறு மாதமாவது கட்டியவர், நாட்டை விட்டுக் கிளம்பிய இரண்டு வருடத்துக்குள் ஒட்டுமொத்தத் தொகை கேட்கலாம். ஜெர்மனியில் இரண்டு வருடம் காத்திருந்து கேட்க வேண்டும், ஜப்பானில் இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு பணத்தைக் கோட்டை விடுவது மிக எளிது. 

கிளம்பும் முன் நகராட்சி அலுவலகத்தில் வீட்டைக் காலி செய்வதாகப் பதிந்துவிட்டு வாருங்கள். முகவரி அங்கே இருக்கும்வரை விண்ணப்பம் செல்லாது. தொகையில் 20.42 சதவீதம் வரி பிடித்துத்தான் தருவார்கள். அந்த வரியைத் திரும்பக் கேட்க ஜப்பானில் குடியிருக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும். கூட வேலை பார்த்த நண்பர்கூட இருக்கலாம். இங்கேயும் பணத்தை எடுத்தால் அந்த மாதங்கள் அழியும்.

அமெரிக்கா

ஒப்பந்தம் இல்லாததால் எச்-1பி (அங்கேயுள்ள கம்பெனியில் வேலை), எல்-1 (ஒரே நிறுவனத்துக்குள் மாற்றல்) ஆகிய இரண்டு விசாவிலும் சம்பளத்தில் 6.2 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு பென்ஷனுக்கும் 1.45 சதவீதம் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் போகும். எல்-1-இல் போனவருக்கு இந்திய பி.எஃப்.பும் தொடர்ந்தால் இரண்டு பக்கமும் கட்டு. ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் வேண்டும். ஒரு வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு. ஆக, குறைந்தது பத்து வருடம். ஒன்பது வருடத்தில் திரும்பினால் இந்திய வருடங்களைக் காட்டிக் கூட்டவும் முடியாது, கட்டியதைத் திரும்ப வாங்கவும் முடியாது. படிக்கப் போய் எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடத்துக்கு இந்தப் பிடித்தம் இல்லை, ஓ.பி.டி. (படிப்பை ஒட்டிய தற்காலிக வேலை அனுமதி) சம்பளத்துக்கும் சேர்த்து. தவறிப் பிடித்திருந்தால் முதலில் கம்பெனியிடமே திருப்பிக் கேளுங்கள்.

வளைகுடா

ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அங்கே அரசு பென்ஷன் இல்லை, இருப்பது கிராஜுவிட்டி, அதாவது வேலையை முடித்துக் கிளம்பும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம். அதற்கு மேல் 30 நாள். கணக்கு பேசிக்கில் மட்டும்தான். மொத்தச் சம்பளம் 3,500 திர்ஹம், அதில் பேசிக் 2,000 என்றால் நான்கு வருடத்துக்கு 5,600 திர்ஹம். அதே 3,500-இல் பேசிக் 1,200 என்று போட்டிருந்தால் 3,360. ஏஜென்ட் மொத்தத் தொகையைத்தான் சொல்வார். பேசிக் எவ்வளவு என்று கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வேலை இழப்புக் காப்பீடும் அங்கே கட்டாயம். பேசிக் 16,000 திர்ஹம் வரை மாதம் 5 திர்ஹம். எடுக்காவிட்டால் 400 திர்ஹம் அபராதம். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்து, தானாக ராஜினாமா செய்யாமல் வேலை போனால், பேசிக்கில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். 30 நாளுக்குள் கேட்டுவிட வேண்டும். 

இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் (வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) போகிறவர் பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி எடுத்தே ஆக வேண்டும். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் நேர்ந்தாலோ 10 லட்சம் ரூபாய். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275, மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. பெரும்பாலும் ஏஜென்ட்டே எடுத்துவிடுவார், தாளும் அவரிடமே தங்கிவிடும். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அந்த பாலிசியின் ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.